விசா வருவதற்குள் வளர்ந்த கால்

“கால் எங்கே?” என்று கேட்டாள் கடைப்பெண்.

யோகன் கைபேசியை நீட்டினார். திரையில் ஒரு பாதம் இருந்தது. சிமெண்டுத் தரையில், நல்ல வெயிலில், ஒற்றைப் பாதம். அதன் ஓரமாகப் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் கிம். அவள் படத்தை வாங்கி, பெரிதாக்கி, சிறிதாக்கிப் பார்த்தாள். பரமட்டாவில் ஓட்டக் காலணிகளுக்கென்றே இருக்கும் கடை அது. சுவரெல்லாம் ஷூக்கள். நடுவில் ஓடிக் காட்டுவதற்கு ஒரு டிரெட்மில். புது ரப்பர் வாசனை.

“இந்தக் காலின் சொந்தக்காரர் எப்போது வருவார்?”

“விசா வந்த உடனை” என்று தமிழில் என்னிடம் சொன்னார் யோகன். நான் ஆங்கிலத்தில் அவளிடம் சொன்னேன்.

“விசா எப்போது வரும்?”

யோகன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் சாக்ஸ் தொங்கிய பக்கம் பார்த்தேன்.

“அப்படியென்றால் அப்போது வாருங்கள்” என்றாள் கிம். “படத்தை வைத்து ஷூ விற்பது எனக்குப் பழக்கமில்லை. கால் நின்று பார்க்க வேண்டும், நடந்து பார்க்க வேண்டும், ஓடிப் பார்க்க வேண்டும்.”

மிகவும் நியாயமான பேச்சு. யோகன் முழுவதையும் கேட்டுத் தலையாட்டினார். பிறகு, “அக்கா, அந்தக் கறுப்பை எடுக்கச் சொல்லுங்கோ” என்றார்.

என் காலின் கதை

யோகனை எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் என் கால் நகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில். ஊரார் சர்க்கரையை எல்லாம் அளந்து கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் என் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நிற்பது தெரிந்தது. டாக்டர் ஓடச் சொன்னார். நடந்தால் போதாதா என்று கேட்டேன். நீங்கள் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன் என்றார்.

திருச்சியில் கல்லூரி படித்த காலத்தில் என் செருப்பு அளவு ஆறு. எனவே ஆறு வாங்கினேன். வெள்ளை நிறம், பக்கத்தில் ஊதாக் கோடு. இரண்டு பிரசவமும் பல வருடம் நின்றுகொண்டே பார்த்த வேலையும் ஒரு காலை அகலமாக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உயிரியல் படித்தவள் என்பதால் தெரிந்திருக்கும் என்று விட்டிருப்பார்கள்.

ஒரு மாதத்தில் வலது பெருவிரல் நகம் கறுத்தது. மேய்ஸ் ஹில் முருகன் கோயில் கார் நிறுத்துமிடத்தில், ஒரு சனிக்கிழமை, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அர்ச்சனைத் தட்டோடு போன ஒருவர் நின்றார். நாற்பது வயதைத் தாண்டியவர், ஒல்லி, நெற்றி நிறைய விபூதி.

“அக்கா, சப்பாத்து கடிக்குதோ?”

இலங்கைத் தமிழர்கள் ஷூவைச் சப்பாத்து என்பார்கள். எனக்கு அந்தச் சொல் உடனே பிடித்துவிட்டது. காலில் மாட்டிக்கொண்டு சத்தமாக நடக்கும் பொருளுக்கு ஷூ என்பதைவிட அதுதான் பொருத்தம்.

“ஆமாங்க. ஓட ஆரம்பிச்சேன். நகம் போயிரும்போல இருக்கு.”

“ரெண்டு சொக்ஸ் போட்டுப் பாருங்கோ. நானும் ஓடுறனான். அப்பிடித்தான் செய்யிறனான்.”

இரண்டு சாக்ஸ் போட்டேன். அடுத்த வாரம் நகம் விழுந்தது. அதற்கடுத்த வாரம் கோயிலில் அவரைப் பார்த்துச் செய்தியைச் சொன்னேன். “எனக்கும் விழுந்ததுதான்” என்றார். எங்கள் நட்பு இப்படித் தொடங்கியது.

பிறகு இருவருமாக அந்தக் கடைக்குப் போனோம். கிம் என்னை வெறுங்காலோடு நிற்கவைத்தாள். என் பாதத்தின் வளைவு எங்கே என்று தேடினாள். கிடைக்கவில்லை. தட்டையான பாதம், ஓடும்போது கணுக்கால் உள்பக்கம் சாய்கிறது, உள்பக்கம் உறுதியாகத் தாங்கிப்பிடிக்கும் ஷூ வேண்டும் என்றாள். நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும், அதனால் மாலையில் வந்து வாங்குங்கள் என்றாள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், குதிகால் மட்டும் அசையக் கூடாது என்றாள். கடைசியில் என் அளவு எட்டு என்றாள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் யாரும் என் காலைக் கவனித்ததில்லை. இதை வீட்டில் சொன்னபோது என் கணவர் பாஸ்கர், “எட்டா?” என்று மட்டும் கேட்டார். இந்தப் பத்திரிகைத் தொடரில் அவரைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டார்.

பாண் வாசனை

யோகனுக்குப் பாண் தொழிற்சாலையில் வேலை. பாண் என்றால் பிரெட். அவர் என் காரில் ஏறினால் ஈஸ்ட் வாசனை வரும். எங்கள் நார்த்மீட் வீட்டுக்கு வெறுங்கையோடு அவர் வந்ததே இல்லை.

அவர் படகில் வந்தவர். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. கிளிநொச்சிப் பக்கம் மனைவி மாலினியையும், தள்ளாடி நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தையையும் விட்டுவிட்டு வந்தார். இங்கே தற்காலிக விசா கொடுத்தார்கள். அது முடிந்ததும் இன்னொரு தற்காலிக விசா. குடும்பத்தை அழைக்க முடியாது. அவர் போனால் திரும்பி வர முடியாது. நடக்கப் பழகிய குழந்தை நடந்து, பள்ளிக்கூடம் போய், சைக்கிள் ஓட்டி, பெரிய பெண் ஆனது எல்லாம் கைபேசித் திரையில்தான்.

“மார்புக்கு மேலைதான் தெரியும் அக்கா” என்று ஒருமுறை சொன்னார். “வீடியோவிலை முகத்தைத்தானே காட்டுவினம். எவ்வளவு உயரம் எண்டு எனக்கு ஒரு கணக்கும் இல்லை.”

பெண்ணின் பெயர் தர்சிகா. பள்ளி விளையாட்டுப் போட்டியில் நீண்ட தூர ஓட்டத்தில் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்தாள். அந்த ஓட்டத்தை யாரோ எடுத்து அனுப்பிய வீடியோவில்தான் யோகன் அவளுடைய கால்களை முதன்முதலாகப் பார்த்தார். அதை எனக்குக் காட்டினார். என் கணவருக்குக் காட்டினார். கோயிலில் எனக்குத் தெரியாத பலருக்கும் காட்டினார்.

பல வருடங்கள் கழித்து நிரந்தர விசா கிடைத்ததும் மனைவிக்கும் மகளுக்கும் விண்ணப்பித்தார். ஹோம்புஷில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை ஃபிளாட் எடுத்தார். கட்டில் வாங்கினார், படிக்கும் மேசை வாங்கினார், நாற்காலி வாங்கினார். பிறகு சப்பாத்து வாங்க வேண்டும் என்றார்.

அளவு கேட்டால் தர்சிகாவுக்குத் தெரியவில்லை. அவள் போட்டிருந்தது பாட்டா செருப்பு, அதில் எண் தேய்ந்திருந்தது. படம் அனுப்பச் சொன்னோம். பாதம் மட்டும் வந்தது. பக்கத்தில் ஸ்கேல் வைத்து அனுப்பச் சொன்னோம். என் கணவர் பொறியாளர். படத்தைக் கணினியில் போட்டு, ஸ்கேலின் சாய்வுக்குத் திருத்தம் செய்து, ஒரு எண் சொன்னார். பாலம் கட்டுகிறவர் சொன்னதை யோகன் அப்படியே நம்பினார்.

அப்படித்தான் அந்தக் கறுப்புச் சப்பாத்து வாங்கப்பட்டது. கிம் பில் போடும்போதும், “பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், சீக்கிரம் வாருங்கள்” என்றாள்.

சீக்கிரம் என்பது எங்கள் கையில் இல்லை. இன்னும் ஒரு மருத்துவச் சோதனை என்றார்கள். இன்னும் ஒரு போலீஸ் சான்றிதழ் என்றார்கள். கோடை போய்க் குளிர் வந்தது, மறுபடி கோடை வந்தது. பெட்டி தர்சிகாவுக்கென்று வாங்கிய மேசைமேல் இருந்தது. விசா காத்திருந்த வேகத்தில் கால் காத்திருக்கவில்லை. இதை எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

விமான நிலையம்

அவர்கள் வந்த அன்று காலை யோகனை நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பின்னிருக்கையில் பூங்கொத்தை வைத்துவிட்டு, சப்பாத்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

கதவு திறந்து திறந்து மூடியது. யார் யாரோ வந்தார்கள். கடைசியில் மாலினி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால், அவளைவிட ஒரு தலை உயரமாக, ஒரு பெண்.

யோகன் மனைவியைப் பார்த்து அழுதார். மாலினியும் அழுதாள். பிறகு அவர் மகள் பக்கம் திரும்பினார். அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. கட்டிப்பிடிப்பதா, தலையைத் தடவுவதா. யோகன் பெட்டியை நீட்டினார்.

“சப்பாத்து” என்றார்.

“தாங்ஸ் அப்பா” என்றாள் தர்சிகா.

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எடுத்தது. எழுந்து நின்றாள்.

“அளவோ?”

“ஓம்” என்று தலையாட்டினாள்.

யோகன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் என் கணவருக்கு, கணக்கு சரி என்று செய்தி அனுப்பினேன். அவர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார்.

மரியாதையான வீடு

அதற்குப் பிறகு ஹோம்புஷ் வீட்டுக்குச் சில முறை போனேன். அவ்வளவு மரியாதையான வீட்டை நான் பார்த்ததில்லை.

“நீங்கள் சாப்பிட்டீங்களோ?” என்று மகளைக் கேட்பார் யோகன்.

“ஓம். நீங்கள்?”

“ஓம். சப்பாத்து எப்பிடி?”

“நல்லாயிருக்கு.”

பிறகு இருவரும் ஜன்னல் வழியாக ரயிலைப் பார்ப்பார்கள். மாலினி ஒருநாள் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே என்னிடம் சொன்னாள். “ரெண்டும் விருந்தாக்கள் மாதிரி இருக்குதுகள் அக்கா. ஒரு சண்டை இல்லை, ஒரு சத்தம் இல்லை. எனக்குக் குசினிக்கை நிக்கவே பயமாயிருக்கு.”

சனிக்கிழமை காலைகளில் பரமட்டா பூங்காவில் ஆற்றோரமாக நாங்கள் சிலர் ஓடுவோம். ஓட்டம் என்பது எங்கள் சொல். பார்க்கிறவர்கள் வேறு சொல் வைத்திருக்கக்கூடும். தர்சிகாவும் வரத் தொடங்கினாள். முதல் நாள் எங்களை எல்லாம் ஒரே மூச்சில் தாண்டிப் போனாள். யோகன் ஓடுவதை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார்.

மூன்றாவதோ நான்காவதோ வாரம், அவள் என்னோடு மெதுவாக வந்தாள். பெரியவர்களுக்குத் துணையாக வருகிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் அவள் பாதத்தின் வெளி ஓரத்தில் ஊன்றி வருவதைப் பார்த்தேன்.

“கழட்டும்மா” என்றேன்.

“ஒண்டுமில்லை அன்ரி.”

“கழட்டு. எனக்கு நகம் விழுந்திருக்கு. எனக்குத் தெரியும்.”

பெஞ்சில் உட்கார்ந்து கழற்றினாள். சாக்ஸின் நுனி சிவப்பாக இருந்தது. ஒரு விரலில் நகம் இல்லை, இன்னொன்றில் போகப்போகிறது. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் அடுத்த வாரம் கிராஸ் கன்ட்ரி ஓட்டம் இருந்தது.

“இதப் போட்டுட்டு எப்படிம்மா ஓடுவே? அப்பாகிட்ட சொன்னா மாத்திடுவாரே.”

“அன்ரி, ப்ளீஸ், அப்பாட்டைச் சொல்லாதேங்கோ.”

“ஏன்?”

அவள் சாக்ஸை மெதுவாக மாட்டினாள். “அவர் ஒவ்வொரு நாளும் சப்பாத்து எப்பிடி எண்டு கேக்கிறார். வேறை என்ன கேக்கிறது எண்டு அவருக்குத் தெரியேல்லை. நான் நல்லாயிருக்கு எண்டு சொல்லுறன். எனக்கும் வேறை என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. அதையும் இல்லாமல் செய்தால் பிறகு என்னத்தைக் கதைக்கிறது?”

தூரத்தில் யோகன் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். அவள் லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

என் கணவர் பேசுகிறார்

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் கணவர் முதலில் தன் கணக்கைத் திறந்து பார்த்தார். கணக்கு சரிதான், அந்தத் தேதிக்குச் சரிதான் என்றார்.

“இப்ப என்ன செய்யறது? சொல்லாதேன்னு கேட்டுக்கிச்சு. சொல்லாம விட்டா அந்தக் காலோட ஓடும்.”

“நீ சொல்லாதே” என்றார். “உனக்குப் புது ஷூ வேணும்னு சொல்லி ரெண்டு பேரையும் கடைக்குக் கூட்டிட்டுப் போ. அந்தக் கடைப்பொண்ணு பார்த்துட்டுச் சும்மா இருக்காது.”

திருமணமான இத்தனை வருடங்களில் அவர் சொன்ன யோசனைகளில் நான் உடனே ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

மறுபடியும் கிம்

ஒரு மாலை, வேலை முடிந்து, மூவரும் போனோம். கிம் இருந்தாள். என்னைப் பார்த்ததும் என் காலைப் பார்த்தாள். யோகனைப் பார்த்தாள், பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

“ஓ, படத்தில் இருந்த கால்” என்றாள்.

யோகனுக்குப் பெருமை. “பெர்ஃபெக்ட்” என்றார் ஆங்கிலத்தில், சப்பாத்தைச் சுட்டிக்காட்டி.

கிம் குனிந்து தர்சிகாவின் சப்பாத்து நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினாள். தர்சிகா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கிம் நிமிர்ந்து, இது இரண்டு அளவு சிறியது, இதில் எப்படி ஓடுகிறாள் என்று கேட்டாள். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

“அளவெண்டு சொன்னவள்” என்றார் யோகன் என்னிடம். பிறகு மகளிடம், “அளவெண்டு சொன்னீங்கள்.”

தர்சிகா தரையைப் பார்த்தாள்.

“ஏன் சொல்லேல்லை? நான் என்ன, அடிக்கப் போறனே?”

“எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள் அவள். குரல் திடீரென்று பெரிதாக இருந்தது. சாக்ஸ் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். “நீங்கள் அடிப்பீங்களோ, மாட்டீங்களோ, எனக்கு எப்பிடித் தெரியும்? உங்களுக்குக் கோவம் வந்தால் என்ன செய்வீங்கள் எண்டு எனக்குத் தெரியுமே? ஒரு நாளாவது கோவிச்சீங்களோ? வந்த நாளிலையிருந்து சப்பாத்து, சப்பாத்து, சப்பாத்து. அந்தச் சப்பாத்துக்குள்ளை இருக்கிற காலை ஒருக்காப் பாத்தீங்களோ?”

கடையில் டிரெட்மில் மட்டும் யாரும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

யோகனின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அழப்போகிறார் என்று நினைத்தேன். கோபம்தான்.

“காட்டு” என்றார்.

“வேண்டாம்.”

“காட்டெண்டு சொல்லுறன். கொழுப்பே உனக்கு? நகம் போற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருப்பியே?”

அதுவரை அவளை அவர் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவளும் கேட்டிருக்க மாட்டாள். ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து கழற்றினாள். யோகன் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ரெண்டாம் விரல் நீளம்” என்றார் பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில். “அம்மான்ரை கால்.”

“இல்லை. அம்மாக்குப் பெருவிரல்தான் நீளம். இது உங்கடை.”

“என்ரை கால் இப்பிடியில்லை.”

“கழட்டிப் பாருங்கோ.”

யோகன் தன் சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே இரண்டு சாக்ஸ். இரண்டையும் கழற்றினார். இரண்டு பாதங்களும் கடைக் கம்பளத்தின்மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கிம்மும் குனிந்து பார்த்தாள். ஒரே அச்சு. இரண்டாவது விரல்தான் முன்னால் நின்றது. இரண்டு பேருக்கும் அதில்தான் நகம் இல்லை.

உங்கள் ஷூவும் சிறியது என்று யோகனிடம் சொன்னாள் கிம்.

அதன் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. தர்சிகாவை நிற்கவைத்தாள், நடக்கவைத்தாள், டிரெட்மில்லில் ஓடவைத்தாள். பாதம் நேராக விழுகிறது, தனியாகத் தாங்கிப்பிடிக்க எதுவும் வேண்டாம், முன்பக்கம் அகலமாக இருந்தால் போதும் என்றாள். பொருந்தியது ஆரஞ்சு நிறத்தில் ஒன்று.

“கறுப்பு இல்லையோ?” என்றார் யோகன்.

“எனக்கு இதுதான் வேணும்.”

“இது என்ன, ரோட்டு வேலை செய்யிற ஆக்கள் போடுற நிறம்.”

“நீங்களே போடப் போறீங்கள்?”

“ஊத்தை பிடிக்கும்.”

“நான் கழுவுவன்.”

“நீ கழுவி நான் பாக்கேல்லையே. ஒரு கோப்பை கழுவிறாய் இல்லை.”

நானும் கிம்மும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டோம். எனக்கு வேண்டிய ஷூவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆரஞ்சுதான் வாங்கினார்கள்.

பள்ளிக்கூட ஓட்டத்தில் அவள் நான்காவதாக வந்தாள். கட்டுப்போட்ட விரலோடு நான்காவது. அதற்குப் பிறகு வந்த போட்டிகளைப் பற்றி யோகனிடம் யாரும் கேட்காதீர்கள், அவர் வீடியோ வைத்திருக்கிறார்.

ஆனால் அன்று மாலைக்கு வருகிறேன். கடையிலிருந்து ஹோம்புஷ் வரை நான்தான் ஓட்டினேன். அப்பா முன்னால், மகள் பின்னால். ஆளுக்கொரு ஜன்னல். நான் பாட்டு போடலாமா என்று கேட்டேன், இருவரும் வேண்டாம் என்றார்கள்.

மாலினி கதவைத் திறந்தாள். கையில் கரண்டி. புருஷன் முகத்தைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன, ரெண்டு பேரும் சண்டையோ?”

“ஓம்” என்றார்கள் இருவரும்.

மாலினி கரண்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, “உள்ளை வாங்கோ அக்கா” என்றாள். “இண்டைக்கு இருந்து சாப்பிட்டிட்டுத்தான் போக வேணும்.”